கறுப்பு பெல்ட்டும் கருப்பட்டியும்



பொங்கலுக்கு என் தங்கை மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சேது எக்ஸ்பிரஸில் இருந்து அவள் பெட்டியை நான்தான் இறக்கினேன். தூக்க முடியவில்லை. உள்ளே என்னம்மா என்று கேட்டால், புத்தகம் என்றாள்.

"வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்னம்மா பரீட்சை?"

"பிளாக் பெல்ட் பரீட்சை மாமா."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "இந்த வயசுல கராத்தே எதுக்கு?" என்றாள். வீடே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பெயர் கராத்தேயிலிருந்து வந்ததுதான். பரீட்சை மட்டும் வேறு. தொழிற்சாலையில் ஒரு வேலை நடக்கிற முறையைப் புள்ளியியல் கொண்டு அளந்து, பழுதைக் குறைக்கத் தெரியுமா என்று பார்ப்பது. "சிக்ஸ் சிக்மா" என்று பெயர். மஞ்சள், பச்சை, கறுப்பு என்று படிப்படியாகப் பெல்ட்டுகள் உண்டு.

அவள் எழுதப்போவது அமெரிக்கத் தரச் சங்கமான ஏ.எஸ்.க்யூ. நடத்தும் தேர்வு. மொத்தம் 165 கேள்விகள். அதில் 150க்குத்தான் மதிப்பெண். மீதி 15 சோதனைக்காகச் சேர்த்தவை. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். "பார்த்து எழுதுற பரீட்சைக்கா இந்தப் பாடு?" என்று கேட்டேன். "எந்தப் பக்கத்துல தேடணும்னு தெரியாதவங்களுக்கு அந்தப் புத்தகம் தலையணைக்குத்தான் ஆகும் மாமா" என்றாள். நியாயம்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. உண்மையாகவே ஒரு பழுதைக் குறைத்துக் காட்டிய வேலை இரண்டாவது முடித்திருக்க வேண்டும். மூன்று வருட அனுபவம் இருந்தால் ஒன்று போதும். அந்த வேலையைப் பற்றிய அறிக்கையை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். நானும் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்ஷனில் குப்பை கொட்டியவன்தானே. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "முக்கியக் காரணம்: இரவு ஷிஃப்ட் தொழிலாளியின் கவனக்குறைவு."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

1924ஆம் ஆண்டு மே 16. அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வால்டர் ஷூவார்ட் என்பவர் தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதில் ஒரு சிறு படம். நடுவில் சராசரிக்கு ஒரு கோடு, மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. கன்ட்ரோல் சார்ட் பிறந்தது அப்படித்தான்.

அந்தப் படம் சொல்வதை நம் ஊர்க் கருப்பட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். என் அப்பத்தா சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சியவர். ஒரே பாகு, ஒரே மாதிரிச் சிரட்டைகள். ஆனாலும் எந்த இரண்டு கருப்பட்டியும் ஒரே எடை இருக்காது. சிரட்டைக்குச் சிரட்டை ஆழம் மாறும், ஓலை எரிகிற வேகம் மாறும், ஊற்றுகிற கை கொஞ்சம் முன்னே பின்னே போகும். இது அந்த வேலையோடு கூடப் பிறந்த ஏற்ற இறக்கம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என்றாவது ஒருநாள் மட்டும் பாகு கட்டியே ஆகாது. "எவனோ கலயத்துல சுண்ணாம்பு தடவாமக் கட்டிட்டான், பதநீர் புளிச்சுப் போச்சு" என்பார் அப்பத்தா. அது தனிக் காரணம். தேடிப் போனால் ஆளும் கிடைக்கும், கலயமும் கிடைக்கும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஷூவார்ட்டின் இரண்டு எல்லைக் கோடுகள். புள்ளி கோடுகளுக்கு உள்ளே ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் அது கூடப் பிறந்தது. முறையையே மாற்றினால்தான் குறையும். வெளியே போனால் தனிக் காரணம். அதைத் தேடிப் பிடிக்கலாம். உள்ளே இருக்கும் புள்ளிக்குக் காரணம் தேடி ஆளைப் பிடித்தால், பிடிபடுகிறவன் நிரபராதி.

இது ஏதோ அமெரிக்கா, ஜப்பான் சமாசாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கல்கத்தாவில் 1931இல் பேராசிரியர் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறதே, அதன் அழைப்பில் ஷூவார்ட்டே 1947-48இல் இந்தியா வந்தார். நாடு விடுதலை அடைந்த கையோடு தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். 1950களில் அந்த நிறுவனம் தொழில் நகரங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. நம் சென்னையிலும் கோவையிலும் கூட உண்டு.

பிளாக் பெல்ட் பாடத்தில் "சோதனை வடிவமைப்பு" என்று ஒரு கடினமான பகுதி இருக்கிறது. பல காரணங்களைச் சில சோதனைகளிலேயே ஒன்றாகப் பார்த்துவிடும் வித்தை. அதற்கான அட்டவணைகளின் கணிதத்தை 1940களில் வகுத்தவர்களில் முதன்மையானவர் சி.ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரி ஜில்லாவில் பிறந்தவர். 2023இல் தன் 102ஆம் வயதில் காலமானார். பின்னாளில் இதே வித்தையில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானியர் டாகுச்சி, 1954-55இல் கல்கத்தா நிறுவனத்தில் வந்து தங்கியிருந்தார்.

டாகுச்சியைப் பற்றிய ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானில் ஒரு ஓடு தொழிற்சாலை. சூளையின் ஓரத்தில் அடுக்கிய ஓடுகளும் நடுவில் அடுக்கியவையும் ஒரே அளவில் வரவில்லை. சூடு சமமாகப் பரவாததுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூளையை மாற்ற ஏகப்பட்ட செலவு. சோதனைகள் செய்து பார்த்தார்கள். மண் கலவையில் சுண்ணாம்பை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் கூட்டியதும், சூடு முன்னே பின்னே இருந்தாலும் ஓட்டின் அளவு அவ்வளவாக மாறவில்லை. அடுக்குகிறவனையும் திட்டவில்லை, சூளையையும் இடிக்கவில்லை. அங்கேயும் சுண்ணாம்புதான் என்று என் அப்பத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஷூவார்ட்டிடம் கற்றவர் எட்வர்ட்ஸ் டெமிங். 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பாடம் நடத்தினார். அந்தச் சொற்பொழிவுகள் அச்சான புத்தகத்துக்கு வந்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு 1951இல் ஜப்பானியர்கள் அவர் பெயரிலேயே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். அந்த டெமிங் பரிசைப் பெற விரும்பும் தொழிற்சாலை ஒரு பரீட்சையே எழுத வேண்டும். ஜப்பானிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். முதலாளியிலிருந்து மெஷின் ஓட்டுபவர் வரை கேள்வி கேட்பார்கள்.

1998இல் சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அந்தப் பரிசைப் பெற்றது. இந்தியாவிலேயே முதல். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங்ஸ் என்று தமிழ்நாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வாங்கின. மதுரையில் டி.வி.எஸ். பஸ் நேரத்துக்கு வந்ததைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று நம் அப்பாக்கள் சொல்வார்களே, அந்தக் குடும்பத்துக் கம்பெனிதான் பாடியிலும்.

இதற்கு நடுவில் 1986இல் அமெரிக்க மோட்டரோலா கம்பெனியில் பில் ஸ்மித் என்ற பொறியாளர், பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 பழுதுக்கு மேல் கூடாது என்று இலக்கு வைத்தார். அதுதான் சிக்ஸ் சிக்மா. நாலு சிக்மா என்றால் அதே பத்து லட்சத்தில் 6,210 பழுது. மூன்று சிக்மா என்றால் 66,807. பெல்ட் பெயர்களும் மோட்டரோலாவில் வந்தவைதான். 1995இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இதைக் கையில் எடுத்ததும் உலகமெங்கும் பரவியது. நம் பிள்ளைகள் இன்று பரீட்சை எழுதுகிறார்கள்.

சரி, நான் கண்ணாடியைக் கழற்றிய காரணத்துக்கு வருகிறேன்.

1979. நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். எட்டு லேத்துகள், எட்டு ஆட்கள். ஒவ்வொருவர் செய்த ஷாஃப்டிலும் தினம் 100 எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பது என் வேலை. மாதக் கடைசியில் ரிஜெக்ட் கணக்கைக் கூட்டி, அதிகம் வந்தவருக்கு மெமோ, குறைவாக வந்தவருக்குப் பாராட்டு. எட்டுப் பேரில் ஒரு பையன் உச்சிப்புளிக்காரன். நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்தேன். தகுதிகாண் காலத்தில் இருந்தான். ஒரு மாதம் அவனுக்கு 118 ரிஜெக்ட். ஒரு மாதம் விட்டு அடுத்த மாதம் 121. இரண்டு மெமோ. அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பையனை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடக்கூட நான் போகவில்லை.

1988இல் எங்களை ஐந்து நாள் புள்ளியியல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நடத்தினார். முதல் நாளே ஒரு பெட்டி நிறைய வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கொண்டு வந்தார். ஐம்பது குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி என்றால் பழுது. எனக்கு 14 வந்தது. "கவனம் போதாது" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். அடுத்த முறை 8. "பார்த்தீர்களா, திட்டினதும் திருந்திட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது டெமிங் செய்து காட்டிய விளையாட்டு என்று பிறகு சொன்னார். பெட்டியில் ஐந்துக்கு ஒன்று சிவப்பு என்றால் எந்தக் கை விட்டாலும் சிவப்பு வரும்.

திரும்பி வந்ததும் பழைய ரிஜிஸ்டர்களைத் தேடி எடுத்தேன். மாதம் 25 நாள், ஆளுக்கு 2,500 ஷாஃப்ட். ரிஜெக்ட் சராசரி 100. அதாவது 4 சதவீதம். எல்லைகளைக் கணக்குப் போட்டேன். கீழே 71, மேலே 129. எட்டுப் பேரும் எல்லா மாதமும் உள்ளேதான் இருந்தார்கள். 118ம் உள்ளே, 121ம் உள்ளே. நாங்கள் கைதட்டிப் பாராட்டிய 79ம் உள்ளே. மெமோ வாங்கியவன் சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்தவன், அவ்வளவுதான். நூற்றுக்கு நான்கு பழுது என்பது நாங்கள் வாங்கிய கம்பியிலும், தேய்ந்துபோன பேரிங்குகளிலும் இருந்தது. அவற்றை மாற்றும் அதிகாரம் மேலே இருந்தவர்களுக்குத்தான் இருந்தது, லேத் ஓட்டியவனுக்கு இல்லை. இத்தகைய சிக்கல்களில் நூற்றுக்கு 94 முறையைச் சேர்ந்தவை என்பது டெமிங்கின் கணக்கு.

1991இல் பாம்பனில் அவனைப் பார்த்தேன். போட் இன்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ரிஜிஸ்டர் கணக்கை எழுதி எடுத்துப் போயிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டான்.

"விடுங்கண்ணே, அந்த வேலை போனதாலதான் இந்தக் கடை. ஆனா எங்கம்மா சாகிற வரைக்கும், இவன் ஒழுங்கா வேலை பார்க்கலைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு."

அந்தத் தாளை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடம் பிந்திப் போன தாள்.

இதைத்தான் மருமகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் அறிக்கையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஊருக்குப் போய் ஒரு வாரத்தில் போன் வந்தது.

"மாமா, மூணு மாசக் கணக்கையும் ஷிஃப்ட் வாரியாப் போட்டுப் பார்த்தேன். நைட் ஷிஃப்ட் எல்லைக்குள்ளதான் இருக்கு. காரணம் வேற எங்கயோ இருக்கு. முதல்லேருந்து பார்க்கணும்."

"அப்ப பரீட்சை?"

"வேலை முடிஞ்சாத்தானே விண்ணப்பம் போட முடியும்? இந்தத் தடவை விட்டுடறேன். அந்த வரியை முதல்ல எடுத்துட்டேன் மாமா."

பெல்ட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அந்த இரவு ஷிஃப்ட்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டதும் அழிக்கப்பட்டதும் அவருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும்.