ராஜாவின் பேரனுக்கு வந்த நோய்

இன்று கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கு 22 வயது. சில மாதங்களுக்கு முன் ஒரு கண் வலித்து, பார்வை மங்கி, சில வாரங்களில் சரியாகிவிட்டதாம். பிறகு கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று டாக்டர் கேட்கிறாராம். "டீச்சர், எலிய வச்சுப் பண்ற மாதிரி எம் புள்ளைய வச்சு சோதனை பண்ணுவாங்களா?" என்று அழுதாள்.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது சரித்திரம்தான். அவளிடம் சொன்னதை, பெயர் போடாமல் எழுத அவளிடம் கேட்டுக்கொண்டு, உங்களுக்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவைப் பறிகொடுத்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1794-இல் பிறந்தவர். 1822 டிசம்பரில், 28 வயதில், நெருங்கிய உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்காட்லாந்து போனார். போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டிருந்தார். இறுதிச்சடங்கு முடிந்த சில நாட்களில் டெஸ்டேயின் கண்கள் மங்கின. கடிதத்தைக்கூட வேறொருவர்தான் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. பிறகு எந்த வைத்தியமும் செய்யாமலே பார்வை திரும்பிவிட்டது.

நோயின் ஆரம்பம் அதுதான். அன்று யாருக்கும் தெரியாது. 1827-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இருந்தபோது பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கால்கள் வலுவிழந்தன, உடம்பு மரத்தது. அங்கே தினம் இரண்டு வேளை மாட்டிறைச்சி சாப்பிடச் சொன்னார்கள், ஒயின் குடிக்கச் சொன்னார்கள், உடம்பைத் தேய்த்துவிட்டார்கள். கொஞ்சம் தேறினார். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். விக்டோரியா மகாராணியின் பெரியப்பா சித்தப்பா வழி அண்ணன் அவர். பணத்துக்கும் வைத்தியருக்கும் குறைவில்லை. ஆனாலும் தன் நோயின் பெயர் தெரியாமலே 1848-இல் இறந்துபோனார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1868-இல், பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்துப் பெயரும் வைத்தார். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரிக்கிறது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஷார்கோ தங்கம், வெள்ளி சேர்ந்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். பலனில்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்த நோய் பலருக்கு வரும், தானாகத் தணியும், மறுபடி வரும். தணிகிற நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதுதான் குணப்படுத்தியது என்று நினைத்துக்கொள்வோம். நோயாளியும் ஏமாறுவார், வைத்தியரும் ஏமாறுவார். மருந்து வேலை செய்கிறதா, நோய் தானாகத் தணிந்ததா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. அதற்குத்தான் ஆய்வு.

இந்த முறைக்கு வழிகாட்டிய ஆய்வு 1948-இல் இங்கிலாந்தில் வெளியானது. நோய் காசநோய், மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதவில்லை. குலுக்கல்போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

நம் சென்னையிலும் 1956-இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தந்தது. உலகமே அதைக் கவனித்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நம் ஊர் ஏழை ஜனங்கள். அவர்களை எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஆய்வு என்றாலே நல்லது நடக்கும் என்றும் சொல்லமாட்டேன். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே நோய் உள்ள 18 பேருக்கு இன்டர்ஃபெரான் காமா கொடுத்தார்கள். 7 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வகையான இன்டர்ஃபெரான் பீட்டாவை 372 பேரிடம் ஆராய்ந்து 1993-இல் முடிவு வெளியிட்டார்கள். நோய் திரும்புவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோலத்தான். எது உதவும், எது கெடுக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியவில்லை. இன்று இந்த நோய்க்குப் பல மருந்துகள் இருக்கின்றன. எல்லாம் இப்படிச் சேர்ந்தவர்களால் வந்தவை.

அதனால் அவளிடம் சேரு என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, தமிழில் கேட்டு, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படி என்றேன். சில கேள்விகள் எழுதிக்கொள்ளச் சொன்னேன்:

ஏற்கனவே பலன் தெரிந்த மருந்தை நிறுத்த வேண்டியிருக்குமா?
இன்னொரு பிரிவில் விழுந்தால் என்ன கிடைக்கும்?
பாதிப்பு வந்தால் சிகிச்சை செலவும் இழப்பீடும் யார் தருவார்கள்?
நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா?
இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? (2009 முதல் இது கட்டாயம்.)

முடிவு சொல்ல வேண்டியது அந்தப் பெண். அம்மாகூட அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது. இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க டீச்சர், அவகிட்டயே கேக்குறேன்" என்றாள்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை. கால் மரத்துப்போனால் உடனே இந்த நோய் என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கும். ஆனால் ஒரு கண் வலித்து மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்து நாள் கணக்கில் நீடித்தாலோ, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். டெஸ்டேக்கும் முதல் தடவை தானாகத்தான் சரியானது.