வீட்டைக் கீறிக் காட்டுங்கள்: கட்டடக்கலைஞர்கள் விசாரிக்கும் முறை

2010 ஒக்ரோபர் 4 அன்று பாகிஸ்தானின் வட வசீரிஸ்தானில், மிர் அலி என்ற இடத்திலுள்ள வீடொன்றின் மீது அமெரிக்க ஆளில்லா விமானம் தாக்கியது. ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பிய பெண்ணொருவர் யேர்மனிக்குத் திரும்பினார். அன்றிரவு நடந்ததை அவரால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. அவரைச் சந்திக்கப் போன லண்டன் ஆய்வாளர்கள் கணினித் திரையில் அவருடன் சேர்ந்து அந்த வீட்டைக் கட்டினார்கள். சுவர் எவ்வளவு உயரம்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? எந்தப் பொருள் எங்கே இருந்தது? மின்விசிறியை மட்டும் அவர் திரும்பத் திரும்ப இடம் மாற்றினார். பிறகுதான், அதன் இறக்கைகளில் மனித உடலின் எச்சங்களைக் கண்டது அவருக்கு நினைவு வந்தது.

ஆணைக்குழுக்கள் முன்னால் சாட்சி சொல்லிக் களைத்த எங்கள் மக்களுக்கு இது புதிய கேள்வி முறை. பெயர், திகதி, எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் நாங்கள் கண்டது.

இதைச் செய்தவர்கள் 'ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர்' குழுவினர். இஸ்ரேலில் பிறந்த கட்டடக்கலைஞர் ஏயல் வைஸ்மன், லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2005இல் கட்டடக்கலை ஆய்வுக்கென ஒரு மையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 2010இல் இந்தக் குழு பிறந்தது. கட்டடக்கலையில் ஆய்வு என்றால் வரலாற்றாசிரியரிடமோ சமூகவியலாளரிடமோ பொறியியலாளரிடமோ முறையைக் கடன் வாங்குவதுதான் வழக்கம். இவர்கள் கட்டடக்கலை மாணவர் முதலாம் ஆண்டிலேயே பழகும் வேலைகளை, அதாவது அளத்தல், கிடைப்படம் கீறுதல், மாதிரி செய்தல், நிழல் விழும் திசையைப் பார்த்தல் ஆகியவற்றை, ஆய்வு முறையாக எடுத்துக்கொண்டார்கள். மாதிரி இங்கே முடிவை அழகாகக் காட்டும் பொருள் அல்ல. அதைச் செய்து பார்க்கும்போதுதான் விடயமே தெரியவருகிறது.

சிரியாவின் சைட்னாயா இராணுவச் சிறையை எடுத்துக்கொள்வோம். கைதிகளின் கண்கள் மூடப்பட்டிருந்தன, பேசவும் தடை. ஆகவே அவர்களிடம் இருந்தது காதால் கேட்ட நினைவு மட்டுமே. 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபையுடன் சேர்ந்து, துருக்கிக்குத் தப்பிவந்த ஐந்து பேரைக் குழு சந்தித்தது. லோரன்ஸ் அபு ஹம்தான் என்ற ஒலிக்கலைஞர் வெவ்வேறு எதிரொலிகளைப் போட்டுக்காட்டி, எது அவர்களது அறை, எது நடைபாதை என்று கேட்டு அவற்றின் அளவுகளை மதிப்பிட்டார். அச்சமின்றி எவ்வளவு சத்தமாகக் குசுகுசுக்க முடிந்தது என்றும் கேட்டார். 2011இல் சிரியாவில் போராட்டங்கள் வெடித்த பின்னர் அந்த அளவு 19 டெசிபெல் குறைந்திருந்தது. அடக்குமுறை இறுகியதற்கு அதுவே ஓர் அளவுகோலாயிற்று.

2014 ஓகஸ்ட் 1 அன்று காஸாவின் ரஃபாவில் நடந்த தாக்குதலில் வேறு சிக்கல். படங்களும் காணொளிகளும் நிறைய இருந்தன. ஆனால் பலவற்றில் நேரம் சரியாகப் பதிவாகவில்லை. நிழலின் நீளத்தையும் திசையையும் வைத்து நேரத்தைக் கணித்தார்கள். குண்டுப் புகை நிமிடத்துக்கு நிமிடம் வடிவம் மாறும். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் ஒரே புகை தெரிந்தால், அவற்றை ஒரே கணத்தில் பொருத்தலாம். குண்டு விழுந்த இடத்தையும் குறிக்கலாம்.

என் பார்வையில் இந்த முறை நன்கு விளங்குவது யேர்மனியின் காஸல் நகரச் சம்பவத்தில்தான். 2006 ஏப்ரல் 6 அன்று ஹலித் யோஸ்கத் என்ற 21 வயது இளைஞர் தன் குடும்பத்தின் இணையக் கடையில் நவநாசிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை நடந்த வேளையில் அங்கிருந்த உளவுத்துறை அதிகாரி, தான் வெடிச்சத்தம் கேட்கவில்லை, உடலைக் காணவில்லை என்றார். 2017இல் 77 சதுர மீற்றர் கொண்ட அந்தக் கடைப் பகுதியை உண்மை அளவிலேயே பேர்லினில் அமைத்து, சத்தம், பார்வை, வெடிமருந்து மணம் மூன்றையும் சோதித்தார்கள். அவரது கூற்று உண்மையாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் இது கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட வேலைதானே என்று தட்டிக்கழித்தவர்களும் இருந்தார்கள். நீதிமன்றத்துக்கும் காட்சிக்கூடத்துக்கும் இடையில் நிற்பது இந்த முறையின் பலவீனம்தான்.

இந்தக் கருவிகளில் ஒன்று எங்கள் மண்ணிலும் பயன்பட்டிருக்கிறது. 2009 மே 6, மே 10 ஆகிய நாள்களில் எடுக்கப்பட்ட பாதுகாப்பு வலயத்தின் செய்மதிப் படங்களை, அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் ஒப்பிட்டது. எறிகணைக் குழிகளும், நான்கு நாளில் இல்லாமற்போன கூடாரங்களும் அவற்றில் தெரிந்தன. ஆனால் மேலிருந்து எடுத்த படம் ஒரு பதுங்குகுழிக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்லாது. அதை அங்கே இருந்தவர்தான் சொல்ல வேண்டும், மிர் அலிப் பெண் சொன்னதுபோல. அப்படிச் சொல்லவைக்கும்போது பழைய காயம் திறக்கும். மாதிரியைக் கட்டுபவர் மட்டும் போதாது, உளநலம் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த நாள்களின் படங்களையோ காணொளிகளையோ வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பையே பாதுகாப்பது நல்லது. வாட்ஸ்அப், பேஸ்புக் வழியாக அனுப்பும்போது படம் எடுத்த நேரமும் இடமும் பற்றிய தரவு பெரும்பாலும் அழிந்துவிடும். ஓரங்களை வெட்டவும் வேண்டாம். தூரத்துப் பனைமரமும் மூலையில் தெரியும் புகையும் நிலத்தில் விழுந்த நிழலும்தான் இவர்கள் முதலில் தேடுபவை.