'ஜிப்ரிஷ்': ஒரு வசைச்சொல்லின் வரலாறு

புரியாத பேச்சையும் பொருளற்ற பேச்சையும் குறிக்க ஆங்கிலத்தில் 'ஜிப்ரிஷ்' என்றொரு சொல் உண்டு. நமது வழக்கில் உளறல், பிதற்றல், அலட்டல் என்பன இதற்கு நெருங்கியவை. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். உளறல் பேசுபவரின் குறை. 'ஜிப்ரிஷ்' என்பதோ பல வேளைகளில், கேட்பவரின் அறியாமையைப் பேசுபவர் மீது சுமத்திவிடுகின்றது.

இச்சொல் 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலத்தில் வழங்குகின்றது. சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தமது அகராதியில், இரசவாதிகளின் மறைமொழியோடு தொடர்புபடுத்தி, 'ஜெபர்' என்ற பெயரடியாக இது பிறந்திருக்கலாம் எனக் கருதினார். ஐரோப்பியர் ஜெபர் என அழைத்தது, 8 ஆம் நூற்றாண்டினர் எனக் கூறப்படும் ஜாபிர் இப்னு ஹையானையே. முஸ்லிம் அறிஞர் ஒருவரின் பெயர் பிதற்றலுக்குப் பெயராயிற்று என்ற இக்கதை இன்றும் சொல்லப்படுகின்றது. ஆயினும் மொழியியலாளர் பலர் அதனை ஏற்பதில்லை. நம்மிடையே வழங்கும் சளசள, தொணதொண என்பன போல இதுவும் ஒலிக்குறிப்பில் தோன்றியது என்பதே அவர்களது கருத்து.

பிறர் மொழியை இழித்துரைப்பது ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் அந்நியரைப் 'பார்பரோஸ்' என்றனர். அந்நியப் பேச்சு அவர்கள் காதில் 'பர் பர்' என்றே ஒலித்தது. அரபியரல்லாதாரைச் சுட்டும் 'அஜம்' என்ற அரபுச் சொல்லும் தெளிவற்ற பேச்சு என்ற வேரினின்று வந்ததே. நமது முல்லைப்பாட்டும் மிலேச்சரை நாவாலன்றி உடலால் பேசுவோராகவே காட்டுகின்றது. எனவே நாமும் குற்றமற்றவர்களல்லர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நமது மக்களின் பேச்சும் இவ்விழிப்புக்குத் தப்பவில்லை. அதேவேளை, வேலை வாங்க வேண்டியிருந்த ஆங்கிலேயத் துரைமார் அம்மொழியைக் கற்கவே நேர்ந்தது. அவர்களுக்கென 'இங்கே வா', 'கூலித் தமிழ்' ஆகிய பெயர்களில் கைநூல்கள் அச்சிடப்பட்டன. முதல் நூலின் தலைப்பே ஓர் ஏவல் என்பதை வாசகர் கவனிப்பாராக.

துரைமார் சென்றபின் அரச அலுவலகங்களில் அந்தக் கட்டாயமும் இல்லாது போயிற்று. விண்ணப்பத்தோடு வரும் தோட்டத் தாயின் பேச்சு விளங்கவில்லையெனத் திருப்பியனுப்புவது எளிதாயிற்று. ஆனால் 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வழங்குகின்றது. தெரணியகலைத் தோட்டத் தொழிலாளிக்கும் மாவனல்லை முஸ்லிம் வணிகருக்கும் அவ்வுரிமை ஒன்றே.