வாசர்பாக்சர் பொறியின் உட்கசிவு

வாசர்பாக்சர் என்பது வோல்க்ஸ்வாகன் டி3 வகை வேன்களில் 1982 முதல் பொருத்தப்பட்ட, நீர்மத்தால் குளிர்விக்கப்படும் நான்கு உருளைப் பொறி ஆகும். இதன் உருளைகள் எதிரெதிராகக் கிடைமட்டமாக அமைந்துள்ளன. குளிர்விப்பு நீர்மம் (கூலண்ட்) கசிவது பழைய வேன்களில் பரவலாகக் காணப்படும் கோளாறு.

காரணங்கள்

உருளைத்தலைக்கும் பொறியுடலுக்கும் இடையே நீர்மத்தை இரப்பர் கேஸ்கட் தடுக்கிறது. அலுமினியத் தலையின் விளிம்பு அரிக்கப்பட்டால் நீர்மம் வெளியே சொட்டும். எரிதல் அறையை அடைக்கும் உலோக வளையம் பழுதானால் புகைவளிமம் நீர்மத்தினுள் புகும். உருளையின் அடிவளையம் பழுதானால் நீர்மம் எண்ணெயில் கலக்கும். பின்னிரண்டும் உட்கசிவுகள்.

கண்டறிதல்

* அழுத்தச் சோதனை: பொறி ஆறியபின் கைப்பம்பால் நீர்மத் தொகுதியில் அழுத்தம் ஏற்றப்படும். வெளியே எங்கும் ஈரமின்றி அழுத்தமானியின் முள் இறங்கினால் உட்கசிவு எனக் கருதலாம்.
* வளிமச் சோதனை: பொறி இயங்குகையில் நீர்மத் தொட்டியின் வாயிலுள்ள காற்று நீலநிறக் கரைசல் வழியே இழுக்கப்படும். கரைசல் மஞ்சளானால் புகைவளிமம் கலந்துள்ளது.
* எண்ணெய்ச் சோதனை: மூடியில் மட்டும் காணப்படும் பால்நிறப் படிவு, குறுந்தொலைவுப் பயணங்களில் உறையும் ஈரத்தாலும் உண்டாகலாம். எனவே அடித்தொட்டி எண்ணெயையே வடித்துப் பார்த்தல் வேண்டும்.

எச்சரிக்கை

சூடான பொறியில் தொட்டியின் மூடியைத் திறந்தால் கொதிநீர்மம் பீறிட்டுச் சுடும். எண்ணெயில் நீர்மம் கலந்த பொறியை இயக்கினால் தாங்கிகள் விரைவில் தேய்ந்துவிடும்.