ஈரற் கொழுப்பும் இரத்தக் கணக்கும்

ஈரல் நோய் குடிப்பவர்க்கே வரும் என்னும் எண்ணம், கள்ளுக்கடைகளைக் கண்ட கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் நீங்கவில்லை. வரலாறு கூறுவதோ வேறு.

1955-ஆம் ஆண்டில் இத்தாலியின் டி ரித்திஸ் குழுவினர், வைரசால் ஈரல் அழற்சியுற்றோரின் இரத்தத்தில் சில நொதிகள் மிகுவதைக் காட்டினர். ஈரலின் உயிரணுக்கள் சிதையும்போது நொதி இரத்தத்திற் கசிகிறது. பரிசோதனை அறிக்கையிலுள்ள 'ஏ.எல்.டி.' அத்தகைய நொதியே.

1980-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் லட்விக் குழுவினர், மது காரணமாகாத கொழுப்பீரல் அழற்சியை 20 நோயாளரிடம் கண்டு விளக்கினர். அவர்களுட் பெரும்பாலோர் உடல் பருத்தவர். பலர் நீரிழிவு போன்ற நோயுடையவர்.

ஆகவே, அவ்வெண் கசிவைக் காட்டுமேயன்றிக் கொழுப்பை அளவிடாது. எண் இயல்பாயிருந்தும் ஈரலிற் கொழுப்பு இருத்தல் கூடும். நீரிழிவும் பருமனும் உடையோர், கள்ளைத் தொடாதவராயினும், 'எண் சரி' என்று வாளாவிராது, ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரை வினவுதல் நன்று.