பைக்குள் இருந்து வந்த பட்ஜெட்

“இந்த மாசம் பட்ஜெட் இடிக்குது”, “நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்துவராதுங்க” – இப்படிச் சொல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. இந்தச் சொல் வந்த வழியோ சுவையானது.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘பூஜெத்’ என்றால் சிறிய தோல்பை. ஆங்கிலத்தில் அது பையையும் அதனுள் இருப்பதையும் குறித்தது. 1733-இல் பிரிட்டனில் ராபர்ட் வால்போல் புதிய வரித் திட்டம் கொண்டுவந்தபோது, பையை அவிழ்த்துக் கடைவிரிக்கும் போலி வைத்தியர் என்று அவரைக் கேலிசெய்து, ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்ற துண்டுப் பிரசுரம் வெளியானது. நாளடைவில் அரசின் வரவு செலவுக் கணக்குக்கே அதுதான் பெயர் என்றாகிவிட்டது.

இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1860-இல் கல்கத்தாவில் சமர்ப்பித்தவர் ஜேம்ஸ் வில்சன். 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப, வருமான வரியையும் அவரே கொண்டுவந்தார். சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன் அதை எதிர்த்தார். தம் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்ததால் பதவியையும் இழந்தார். கணக்கு வெளியே பேசப்படுவதை அன்றைய அரசு விரும்பவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் அளித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 112-ஆம் பிரிவோ ‘பட்ஜெட்’ என்று சொல்லாமல் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றே குறிப்பிடுகிறது. அறிக்கை என்றால் பிறர் அறியச் சொல்வது. மக்களவை ஒப்புதல் தந்தால்தான் மானியக் கோரிக்கைகள் நிறைவேறும்.

வீட்டிலோ இந்தச் சொல் ‘வேண்டாம்’ என்பதற்கு மரியாதையான மாற்றாகிவிட்டது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வாடகை, பள்ளிக் கட்டணம், கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் என்று செலவுகள் பல. பிள்ளைகளுக்குத் தெரிவதெல்லாம் “இப்ப பட்ஜெட் இல்லப்பா” என்ற பதில் மட்டும்தான். அந்தப் பணம் தாத்தாவின் மருந்துக்குப் போகிறது என்று தெரியாத பிள்ளைக்கு, ஊர் என்பது விடுமுறைக்குப் போகும் இடம், அவ்வளவுதான்.

மாதம் ஒருநாள், சம்பளம் வந்த மறுநாளே, எல்லோரும் உட்கார்ந்து வரவையும் செலவையும் வாய்விட்டுப் படிக்கலாமே! பையைத் திறந்து காட்டுவதுதானே பட்ஜெட்?