மாத்திரை வேணாம், மாமரத்தைப் பாருங்க! ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சொல்லித்தரும் ஆன்டிஆக்ஸிடன்ட் பாடம்

உங்களுக்கு ஸ்ட்ரெஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு டீ, நாலு ரீல்ஸ், முடிஞ்சா ஒரு பைக் ரைடு. சித்திரை வெயிலில் நிற்கிற ராஜபாளையம் மாமரத்துக்கு ஸ்ட்ரெஸ் வந்தா? நிழலுக்கு ஓட முடியாது. தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கவும் முடியாது. நின்ற இடத்திலேயே, தன் இலைக்குள்ளேயே தனக்கான பாதுகாப்பை அது தயாரித்துக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்புப் பொருள்களில் சிலவற்றைத்தான் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று லேபிள் ஒட்டி, டப்பாவில் அடைத்து நமக்கு விற்கிறார்கள்.

கம்மி மிட்டாய், ஃபேஸ் சீரம், கிரீன் டீ, காளான் பவுடர் என்று எல்லாவற்றிலும் இப்போது அந்த வார்த்தை இருக்கிறது. இதில் எது உண்மை, எது விளம்பரம்? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் செடிகளையும் காளான்களையும் வைத்தே பார்த்துவிடலாம், வாங்க.

அதென்ன ஆன்டிஆக்ஸிடன்ட்?

நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாக மாறுவதும், பழைய எண்ணெயில் சிக்கு வாடை வருவதும் ஆக்ஸிஜன் செய்யும் வேலை. உயிருள்ள செல்லுக்குள்ளும் இதுபோன்ற வேலை நடக்கிறது. மூச்சுவிடும்போதும், சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும்போதும், ஆக்ஸிஜனில் ஒரு சிறு பங்கு முரட்டு வடிவங்களாக மாறுகிறது. ஃப்ரீ ராடிக்கல், ஹைட்ரஜன் பெராக்ஸைடு எல்லாம் இந்த வகைதான். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என எதன் மேலும் இவை பாய்ந்து சேதப்படுத்தலாம். அந்தச் சேதத்தைத் தடுக்கிற பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்.

இந்தச் சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்று 1956-ல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். 'ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டா இளமையா இருக்கலாம்' என்ற இன்றைய விளம்பரங்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கதை அவ்வளவு சிம்பிள் இல்லை. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மலைக்குப் பக்கத்துல இருந்தும் ஏன் இவ்வளவு வெயில்?

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் கொட்டித் தீர்க்கிறது. இந்தப் பக்கம் வருவதற்குள் மேகத்தில் ஈரம் குறைந்துவிடும். அதனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் நம்பியிருக்கிறது. மலையில் அய்யனார் அருவியும் செண்பகத்தோப்பும் பச்சையாக இருக்க, கீழே கரிசல் காடு காய்ந்துகிடக்கும்.

இந்தக் காய்ச்சலில் செடிக்குள் என்ன நடக்கிறது? தண்ணீர் வீணாகாமல் இருக்க, இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. ஆனால் சூரிய ஒளி மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அடுப்பு எரியுது, பாத்திரத்துல அரிசி இல்லைன்னா என்ன ஆகும்? பாத்திரம் கருகும். அதேபோல, உணவு தயாரிக்கப் பயன்படாமல் மிஞ்சும் ஒளிச்சக்தி, இலைக்குள் அந்த முரட்டு ஆக்ஸிஜன் வடிவங்களை அதிகமாக உருவாக்குகிறது. உப்புத் தண்ணீர், கடும் குளிர், பூச்சிக்கடி என்று எந்த நெருக்கடி வந்தாலும் கடைசியில் செடி சந்திக்கும் பிரச்னைகளில் இதுவும் ஒன்று.

செடி எப்படிச் சமாளிக்குது?

* சிவப்புத் தளிர்: மாமரத்தின் புதுத்தளிர் செம்பு நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. முதிராத இலைக்கு அது சன்ஸ்கிரீன் மாதிரி. இலை முற்றி, தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்ததும் பச்சைக்கு மாறிவிடும்.

* மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள்: கரோட்டினாய்டு என்று பெயர். மிஞ்சும் ஒளிச்சக்தியை வாங்கி வெப்பமாக வெளியேற்ற உதவும். முருங்கைக்கீரையிலும் இது நிறைய இருக்கிறது, பச்சை நிறத்துக்குள் ஒளிந்துகிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

* வைட்டமின் சி: செடியின் அன்றாடக் காவல்காரர். இதைச் செடி தானே செய்துகொள்ளும். ஆடு, மாடு, ஏன் ராஜபாளையம் நாய்கூட தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதர்களால் முடியாது. நாம் சாப்பிட்டுத்தான் ஆகணும்.

* என்சைம்கள்: முரட்டு ஆக்ஸிஜனைப் பிடித்து மாற்றும் 'சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்' என்ற என்சைமை 1969-ல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தார்கள். செடியிடமும் இது உண்டு, உங்களிடமும் உண்டு. அதாவது, ஒரு ரூபாய் செலவில்லாமல் உங்கள் உடம்பே ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

* துவர்ப்பும் கசப்பும்: நெல்லிக்காய், மாங்கொட்டை, நாவல் பழம் போன்றவற்றின் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால் வகைப் பொருள்கள். பூச்சி, பூஞ்சையிடமிருந்தும் செடியைக் காப்பவை.

அப்போ வாடின செடிதான் சத்தானதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. லேசான வறட்சியில் சில செடிகள் பாலிஃபீனாலைக் கூட்டித் தயாரிக்கின்றன என்பது உண்மை. நெருக்கடி எல்லை மீறினால் வளர்ச்சி நின்று, இலை கருகி, காய் சிறுத்துப்போகும். அப்புறம் பாதுகாப்புப் பொருள் செய்யக்கூட அதனிடம் சக்தி இருக்காது. ஜிம்முக்குப் போறவங்களுக்கு இது நல்லாவே புரியும். அளவான எடை உடம்பைத் தேற்றும், அளவுக்கு மீறினால் தசை கிழியும்.

காளான் செடியே இல்லை பாஸ்!

காளானுக்குப் பச்சையம் கிடையாது. அதனால் வெயிலில் சமைக்கத் தெரியாது. வைக்கோல், மக்கிய மரம் என்று பிறர் விட்டுப்போனதைச் சாப்பிட்டு வாழ்கிறது. செடி, விலங்கு இரண்டிலும் சேராத தனிக் குடும்பம். அதனிடம் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும் தனி ரகம்.

பெயர் எர்கோதயோனீன். 1909-ல் சார்ல்ஸ் டான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும்தான் இதைத் தயாரிக்கும். செடிகளாலும் நம்மாலும் முடியாது. ஆனால், இதை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவென்றே நம் உடம்பில் ஒரு 'வாசல் புரதம்' இருப்பதை 2005-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாமே செய்யாத ஒரு பொருளுக்கு உடம்பு ஏன் தனி வாசல் வைத்திருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைச் சுண்டி இழுக்கும் கேள்வி.

ரத்தத்தில் எர்கோதயோனீன் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததாக, 2020-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு சொன்னது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். காளான்தான் காப்பாற்றியது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. சிப்பிக்காளானிலும் ஷிடாகேவிலும் இது அதிகம், பட்டன் காளானில் குறைவு. சமைக்கும் சூட்டை நன்றாகவே தாங்கும் என்பது இதன் பிளஸ். ஆனால் தண்ணீரில் கரையும். அதனால் காளானை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்த்துடுங்க.

வெயிலுக்கென்றே ஒரு காளான்

பட்டன் காளானுக்கு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ச்சி வேணும். நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிப்பட்டு வராது. 30 டிகிரிக்கு மேலும் தெம்பாக வளர்வது பால் காளான். மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்த இனத்தைப் பற்றி 1974-ல் முதன்முதலாக எழுதினார்கள். வணிகப் பயிராக அதை எழுந்து நிற்கவைத்ததில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1998-ல் அது வெளியிட்ட ரகத்தின் பெயர் ஏபிகே 2. ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. ஆமா, ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கும் அதே விருதுநகர் மாவட்டம்தான்! வெள்ளை வெளேரென்று, தடித்த தண்டோடு இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாமலும் மற்ற காளான்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஒரு டிப்ஸ்: கடையில் வாங்கிய காளானை நறுக்கி, சமைக்கும் முன் மதிய வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்க. அதில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற பொருள், புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி 2 ஆக மாறும். நம்ம ஊர்ல பஞ்சமே இல்லாத வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம்!

சரி, மாத்திரையா போட்டா என்ன?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குறாங்க. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு தலைகீழ். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்!

ஜிம் பிரியர்களுக்கு இன்னொரு ஆய்வு. 2009-ல் ஜெர்மனியில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் சேர்த்து. மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலைசெய்ய ஆரம்பித்தது. மாத்திரை போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காரணம் என்ன? முரட்டு ஆக்ஸிஜன் முழுக்க வில்லன் கிடையாது. கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் அதைத்தான் ஆயுதமாக வீசுகின்றன. 'வேலை அதிகம், தசையைத் தயார் பண்ணு' என்று உடம்புக்குத் தகவல் சொல்வதும் அதுதான். செடியும் வறட்சி வரும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தூதுவனாக அனுப்பித்தான் தன் பாதுகாப்பை முடுக்கிவிடுகிறது. மாத்திரையால் அந்தத் தூதுவனின் வாயை மொத்தமாகக் கட்டினால், செய்தி போய்ச்சேராது. உணவில் கிடைப்பது குறைந்த அளவில், பல பொருள்கள் கலந்து, நார்ச்சத்தோடு வருகிறது. மாத்திரையில் ஒரே பொருள் மொத்தமாக இறங்குகிறது.

'எங்க பவுடரில் ஓராக் மதிப்பு இத்தனை ஆயிரம்' என்று பார்த்து மயங்கவும் வேண்டாம். அது சோதனைக் குழாயில் எடுக்கும் அளவு. உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, அமெரிக்க வேளாண் துறை தன்னுடைய ஓராக் பட்டியலை 2012-லேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

உழவர் சந்தையில என்ன வாங்கலாம்?

* பெருநெல்லி, கொய்யா: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பெருநெல்லியில் சுமார் 250 மி.கி., கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாள் தேவை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மி.கி.தான். பாதிக் கொய்யாவிலேயே கணக்கு முடிஞ்சுது. சூடு பட்டால் குறையும் என்பதால் பச்சையாகச் சாப்பிடுங்க.

* முருங்கைக்கீரை: கரோட்டினாய்டு உடம்பில் சேர எண்ணெய் வேண்டும், அதனால் தாளித்துச் செய்யும் பொரியல் சரியான வழி. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேணாம், இரும்பு சேர்வதை அது தடுக்கும்.

* தக்காளி: எண்ணெயில் வதக்கினால் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி உடம்பில் எளிதாகச் சேரும். தொக்குக்கு ஜே!

* சின்ன வெங்காயம்: குவெர்செடின் என்ற பொருள் வெளி அடுக்குகளில் அதிகம். தோலோடு சேர்த்து ரெண்டு அடுக்கை உரித்து எறியாதீங்க.

* சப்பட்டை, பஞ்சவர்ணம்: ராஜபாளையத்தின் பெயர் சொல்லும் மாம்பழங்கள். ஆரஞ்சு சதையில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. பாலிஃபீனால் சதையைவிடத் தோலில் அதிகம். தோல் அரிக்காதவர்கள் நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் அளவு முக்கியம்.

* கேழ்வரகு, கம்பு: பாலிஃபீனால் இருப்பது மேல்தோலில். மாவைச் சலித்து உமியைக் கொட்டினால் அதுவும் சேர்ந்தே போகும்.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க. அது நாக்குக்கு!

மலைக்குப் போறவங்க கவனத்துக்கு

மழை பெய்ததும் புற்று ஓரத்தில் முளைக்கும் காளானைப் பார்த்தால் ஆசை வரும். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும் என்பதெல்லாம் நம்பவே கூடாத சோதனைகள். மிகக் கொடிய காளான்களில் இருக்கும் அமடாக்ஸின் விஷம் கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். நடுவில் சரியானது மாதிரியும் தெரியும். ஆனால் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். காட்டுக்காளான் சாப்பிட்டு வாந்தி வந்தால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க.

சதுரகிரி, செண்பகத்தோப்பு பக்கம் போனால் மூலிகை பறிக்கும் எண்ணமும் வேண்டாம். சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988-ல் அறிவிக்கப்பட்ட காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அனுமதியில்லாமல் அங்கிருந்து செடிகொடியை எடுத்துவருவது சட்டப்படி குற்றம்.

சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் என்று எதற்காவது சிகிச்சையில் இருப்பவர்கள், மூலிகை, காளான் பவுடர்களைத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி, அம்பது ரூபாய்க்குக் கொய்யாவும் கீரையும் வாங்கினாலே கிடைக்கும். வாரத்தில் ரெண்டு நாள் காளான், தினமும் ஒரு பழம், ஒரு கீரை, கொஞ்சம் வியர்வை சிந்தும் வேலை. மிச்சத்தை உங்க உடம்பே பார்த்துக்கும், மக்களே!